ஒலி ஒன்று, பொருள் வேறு: வேலூரில் காதில் விழும் சொற்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் உருதுவும் அன்றாடம் புழங்குகின்றன. மருத்துவம் நாடி வருவோரால் வங்காளமும் இந்தியும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு மொழியின் சொல் இன்னொரு மொழிக்காரரின் காதில் வேறு பொருளில் விழுவது பற்றி இங்குள்ளோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

இந்தக் குழப்பம் வேலூர்ப் பக்கத்தில் ஏன் இவ்வளவு அதிகமாக நேர்கிறது?

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் ஒருபோதும் ஒரே மொழி பேசிய நிலம் அன்று. 1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இம்மாவட்டத்தின் தலைமையிடமே சித்தூர்தான். எனவே தெலுங்கு இங்கே அண்டை மொழியாக மட்டுமன்றி வீட்டு மொழியாகவும் நிலைத்தது. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியும், தோல் தொழில் வளர்ந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் வாழ்க்கையும் உருதுவை ஊன்றச் செய்தன. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவமனை கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தபின், மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் முதலிய இடங்களிலிருந்து நோயாளிகளும் உடன் வருவோரும் வாரக்கணக்கில் தங்கிச் செல்லும் ஊராக வேலூர் ஆயிற்று. இத்தனை மொழிகள் ஒரே தெருவில் உரசும்போது, ஒத்த ஒலிகள் மோதிக்கொள்வதில் வியப்பில்லை.

அதிகம் இடறச் செய்யும் சொற்கள் எவை?

ஐயமின்றி, உடல் உறுப்புகளின் பெயர்கள். மருத்துவமனை ஊரில் அதிகம் பேசப்படுவதும் அவையே என்பதால் இதற்கு முதலிடம் தரவேண்டியிருக்கிறது.

வங்காளியோ இந்தி பேசுபவரோ ‘நாக்’ என்றால் அது மூக்கு. தமிழர் காதில் அது ‘நாக்கு’ என்றே விழும். அதே வங்காளி ‘முக்’ என்றால் முகம் அல்லது வாய். தமிழர் காதில் விழுவது ‘மூக்கு’. ஆக, அவர் மூக்கைச் சொன்னால் இவர் நாக்கை நினைக்கிறார். அவர் வாயைச் சொன்னால் இவர் மூக்கை நினைக்கிறார். இதோடு முடியவில்லை. ‘கான்’ என்றால் அவருக்குக் காது. நமக்கு அது ‘கண்’ போல ஒலிக்கிறது. ‘கால்’ என்று அவர் சொல்வதன் முதலெழுத்து உண்மையில் ‘கங்கை’ என்பதில் வரும் மெல்லோசைக் ககரம், பொருள் கன்னம். ஆனால் அந்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது, தமிழ்க் காதும் உடனே பிடிக்காது. கன்னத்தில் வீக்கம் என்று ஒருவர் சொல்ல, கேட்பவர் பார்வையை அவர் பாதத்துக்குத் தாழ்த்தினால் அது அவர் குற்றமன்று. ‘பால்’ என்பதும் இப்படித்தான்: இந்தியிலும் உருதுவிலும் முதலெழுத்தை மெல்லோசையாக ஒலித்தால் தலைமுடி, தமிழில் ஆவின் பாக்கெட்டில் வருவது.

ஒரே முகத்தில் உள்ள மூக்கு, வாய், காது, கன்னம் ஆகிய நான்கும் இப்படி இடம் மாறி அமைந்திருப்பது தற்செயலின் விளையாட்டுகளில் மிகவும் சுவையானது என்பது என் எண்ணம்.

வங்காள நோயாளி ‘ஜொர்’ என்கிறார். நலமாக இருப்பதாகச் சொல்கிறாரா?

இல்லை, காய்ச்சல் என்கிறார். வங்காளத்தில் ‘ஜொர்’ என்பது வடமொழி ‘ஜ்வர’ என்பதன் இன்றைய ஒலிப்பு. நாம் ‘ஜுரம்’, ‘சுரம்’ என்று சொல்வதும் அதே சொல்தான். ஆனால் தமிழர் காது அதை ‘ஜுரம்’ என்று கேட்காமல் ‘ஜோர்’ என்று கேட்டுவிடுகிறது. ‘சாப்பாடு ஜோர்’ என்பதில் வரும் அந்தச் சொல் பாரசீகத்தில் வலிமை, வேகம் என்னும் பொருளுள்ள ‘ஸோர்’ என்பதிலிருந்து உருது வழியாக வந்தது. உறவுள்ள சொல்லை விட்டுவிட்டு உறவில்லாத சொல்லோடு இணைத்துக் கேட்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

‘நாக்’, ‘நாக்கு’ போன்றவை ஒரே சொல்லாக இருந்து, பிறகு பொருள் மாறியிருக்கக் கூடாதா?

கூடாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆனால் சொற்களின் பழைய வடிவங்களைப் பார்த்தால் அப்படி நேரவில்லை என்று தெரிகிறது. ‘நாக்கு’ என்பதன் அடி ‘நா’. கன்னடத்தில் ‘நாலிகெ’, தெலுங்கில் ‘நாலுக’ என்று அதன் உறவினர்கள் நிற்கின்றன. அவற்றில் ‘க்’ என்பது பின்னால் ஒட்டிய பகுதி. ‘மூக்கு’ என்பதற்குத் தெலுங்கு ‘முக்கு’, கன்னட ‘மூகு’. ‘கண்’ என்பதற்குத் தெலுங்கு ‘கன்னு’, கன்னட ‘கண்ணு’. ‘கான்’ என்பதோ வடமொழியில் காதைக் குறிக்கும் ‘கர்ண’ என்பதன் வழிவந்தது. குண்டலத்தோடு பிறந்த கர்ணனின் பெயரிலேயே காது இருக்கிறது. இடைநிலை மொழிகளில் ‘கர்ண’ என்பது ‘கண்ண’ ஆகி, பின்னர் ‘கான்’ ஆயிற்று. அதாவது, பின்னோக்கிப் போகப் போகத் தமிழ்க் ‘கண்’ கண்ணாகவே இருக்க, இந்திக் ‘கான்’ மட்டும் ரகரம் சேர்ந்து விலகிச் செல்கிறது.

இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உறவுள்ள சொற்கள் காலத்தில் பின்னோக்கிப் போகும்போது நெருங்கும். தற்செயலாக ஒத்தவை விலகும். கீழே வரும் பல விடைகள் இதையே சார்ந்திருக்கின்றன.

உறவே இல்லாத மொழிகளில் ஒரே ஒலி அமைய எப்படி வாய்க்கிறது?

மனித வாய் எளிதில் எழுப்பும் ஒலிகள் சிலவே. சுருக்கமான சொற்களை எல்லா மொழிகளும் விரும்புகின்றன. தமிழையே எடுத்துக்கொள்வோம். சொல்லின் முதலில் வரத்தக்க மெய்கள் என்று தொல்காப்பியம் ஒன்பதை ஏற்கிறது. குறிலும் நெடிலுமாக உயிர்கள் பத்து (ஐ, ஔ நீங்கலாக). இறுதியில் இயல்பாக வரும் மெய்கள் ண, ம, ன, ய, ர, ல, ழ, ள என எட்டு. இவற்றைப் பெருக்கினால், ‘கல்’, ‘பால்’, ‘நூல்’ போன்ற அமைப்பில் கிடைக்கக்கூடிய சொற்கள் மொத்தம் 720; விலக்குகளைக் கழித்தால் இன்னும் குறைவு. இந்தச் சிறு வயலில் தமிழ் தன் அடிப்படைச் சொற்களில் பெரும்பகுதியை நட்டுவைத்திருக்கிறது. இந்தியும் வங்காளமும் தத்தம் சொற்களை ஏறக்குறைய இதே அளவுள்ள வயலில்தான் நடுகின்றன. ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

இதோடு, கேட்பவரின் மொழியும் சேர்ந்து வேலை செய்கிறது. இந்தியில் ககரத்துக்கு நான்கு ஒலிகள். நான்கும் வெவ்வேறு சொற்களை உண்டாக்கும். தமிழ் எழுத்தில் நான்குக்கும் ஒரே ‘க’. எனவே அவர்களுக்கு நான்கு சொற்களாக இருப்பவை நமக்கு ஒன்றாகிவிடுகின்றன. நம்முடைய ல, ழ, ள அவர்களுக்கு ஒன்றாகிவிடுவதும் இதே கதைதான்.

தெலுங்கு தமிழுக்கு உறவு மொழி ஆயிற்றே. அங்கே இந்தச் சிக்கல் இராது அல்லவா?

அங்கேதான் இது இன்னும் நுட்பமாகிறது. குடியாத்தத்திலிருந்து சித்தூருக்குப் பேருந்தில் போகும் ஒருவர், கடைப் பலகையில் ‘கோடி’ என்று படித்தால் அது பணமன்று, கோழி. தமிழின் ழகரம் தெலுங்கில் பல சொற்களில் டகரமாக நிற்கிறது: ஏழு அங்கே ‘ஏடு’, பாழ் அங்கே ‘பாடு’, கோழி அங்கே ‘கோடி’. மாற்றம் ஒழுங்கானது என்பதால் இது உறவுக்குச் சான்று. ஆனால் அந்த ஒழுங்கான மாற்றத்தின் விளைவாகவே, தெலுங்குக் ‘கோடி’ தமிழில் ஏற்கெனவே இருக்கும் வேறொரு ‘கோடி’யின்மேல் போய் விழுகிறது, ‘ஏடு’ நம்முடைய ஓலை ஏட்டின்மேல் விழுகிறது. ‘பனி’ என்றால் அங்கே வேலை, அதாவது நம் ‘பணி’. ணகரம் னகரத்தோடு கலந்துவிட்டதால் மார்கழிப் பனிபோல் ஒலிக்கிறது.

‘செப்பு’ இன்னும் வேடிக்கை. தெலுங்கில் அது ‘சொல்’ என்னும் ஏவலும் ஆகும், செருப்பும் ஆகும். செருப்பும் ஷூவும் தைக்கும் ஆம்பூர்ப் பக்கத்தில் இரண்டு பொருளுக்கும் ஓயாத வேலை உண்டு. தமிழிலும் செப்புதல் என்றால் சொல்லுதல்தான் என்றாலும் அது இன்று ஏட்டில் மட்டும் வாழ்கிறது. ‘நல்ல’ என்பது தெலுங்கில் கருப்பு. புடவைக் கடையில் இது தெரியாவிட்டால் விற்பனையே திசைமாறும்.

1816ஆம் ஆண்டில் சென்னையில் எல்லிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, தென்னாட்டு மொழிகள் தமக்குள் ஒரு குடும்பம் என்று எழுதியதும், 1856ஆம் ஆண்டில் கால்டுவெல் அதை விரிவாக நிறுவியதும் வெறும் ஒலி ஒற்றுமையை வைத்து அன்று; வேர்ச்சொற்களும் இலக்கண உறுப்புகளும் ஒழுங்காக ஒத்துவருவதை வைத்தே.

ஆம்பூர், வாணியம்பாடி உருதுவில் தமிழர் தவறாகக் கேட்பவை எவை?

இங்கு பேசப்படுவது தக்கனி வகை உருது. அதில் ‘கைக்கு’ என்றால் ‘ஏன்?’ என்று பொருள். நாம் கையை நீட்டிவிடுவோம். ‘நக்கோ’ என்றால் ‘வேண்டாம்’. மராத்தியின் ‘நகோ’வோடு சேர்ந்த சொல். தமிழில் அது எப்படி விழும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ‘ஆம்’ என்றால் மாம்பழம். ஆனால் வட ஆர்க்காட்டுப் பேச்சில் யாரும் ‘ஆம்’ என்பதில்லை, ‘ஆமா’ என்பதுதான் வழக்கு என்பதால் இதில் சிக்கல் எழுவதில்லை.

‘கல்’ என்பதுதான் கவனம் தேவைப்படும் சொல். இந்தியிலும் உருதுவிலும் அது நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினையை வைத்தே எது என்று தெரியும். வங்காளத்தின் ‘கால்’ என்பதும் அப்படியே. சிறுநீரகக் கல்லுக்காக வந்தவரிடம் ‘கல்’ என்று சொல்லும்போது இரு பக்கமும் தலையாட்டிவிட்டு வெவ்வேறு எண்ணத்தோடு பிரிய முடியும்.

வங்காளிகள் ‘சாபி’, ‘ஆல்மாரி’, ‘ஜானாலா’ என்பது நமக்குப் புரிகிறதே, எப்படி?

மருத்துவமனையைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகளில் வேலை செய்பவர்களுக்கு இது நன்கு தெரியும்: சாவி, அலமாரி, ஜன்னல் மூன்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. துவாலைக்கு வங்காளத்தில் ‘தோயாலே’. இது தற்செயலும் அன்று, உறவும் அன்று. நான்குமே போர்த்துக்கீசியச் சொற்கள். 16ஆம் நூற்றாண்டிலிருந்து சோழமண்டலக் கரையிலும் வங்காளக் கரையிலும் வணிகம் செய்த போர்த்துக்கீசியர், பொருளோடு பெயரையும் இரு கரைகளிலும் இறக்கிவிட்டுப் போனார்கள். பூட்டிய அறைக்கு வெளியே நிற்கும் வங்காளியும் தமிழரும் லிஸ்பனின் சொற்களில் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள்.

ஒரு மொழியிலிருந்து வாங்கிய சொல் ஏன் பொருள் மாறுகிறது?

வாங்கியவர் தமக்குத் தேவையான பொருளில் மட்டும் வாங்குவதால். அரபியில் ‘கேள்வி’ என்னும் பொருளுள்ள சொல் உருதுவில் ‘சவால்’ ஆகி இன்றும் கேள்வியாகவே இருக்கிறது. தமிழில் ‘சவால்’ அறைகூவல் ஆகிவிட்டது. உருது ஆசிரியர் மாணவரிடம் சவால் கேட்டால் அதில் சண்டை ஏதுமில்லை. ‘மாமூல்’ என்பது வழக்கமானது என்று பொருள்படும் அரபுச் சொல். அலுவலகங்களில் எது வழக்கமாக இருந்தது என்பதைத் தமிழ்ப் பொருள் காட்டிக்கொடுக்கிறது. மறுபக்கமும் உண்டு: வேலூருக்கு அருகில் ஊர்ப்பெயராகவே நிற்கும் ‘அணைக்கட்டு’ ஆங்கிலத்துக்குப் போய் ‘அனிகட்’ ஆயிற்று, பாலாற்று அணையைப் பொறியாளர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

ஒலியும் ஒத்து, பொருளும் ஒத்தால் உறவு உறுதிதானே?

உறுதியில்லை. இதில்தான் படித்தவர்களும் வழுக்குகிறார்கள்.

ஆங்கில ‘ஒன்’ தமிழின் ‘ஒன்னு’ போலவே இருக்கிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ‘ஆன்’. இன்று தொடக்கத்தில் கேட்கும் வகர ஒலி பிற்காலத்தில் முளைத்தது. ஆங்கில ‘எய்ட்’ தமிழ் ‘எட்டு’ போல ஒலிக்கிறது. ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் இன்றும் ஒலிக்காமல் நிற்கும் இரண்டு எழுத்துகள், ஒரு காலத்தில் அங்கே தொண்டை ஒலி இருந்ததைக் காட்டுகின்றன. ஜெர்மானியர் இன்றும் ‘ஆஹ்ட்’ என்றே ஒலிக்கிறார்கள். நம் ‘எட்டு’ என்பதோ ‘எண்’ என்பதிலிருந்து வந்தது: எண்பது, எண்ணூறு, எண்திசை ஆகியவற்றில் அது அப்படியே இருக்கிறது, கன்னடத்தில் ‘எண்டு’. ஒரு பக்கம் ணகரம், மறுபக்கம் தொண்டை ஒலி. பின்னோக்கிப் போனால் இரண்டும் விலகிவிட்டன.

உருது பேசுவோர் ‘பத்நாம்’, ‘பத்மாஷ்’ என்பதில் வரும் பாரசீகப் ‘பத்’ என்பதற்குக் கெட்ட என்று பொருள். ஆங்கிலத்தில் ‘பேட்’ என்பதற்கும் அதே பொருள். பாரசீகமும் ஆங்கிலமும் தொலைவான உறவு மொழிகள்கூட. ஆயினும் இந்த இரு சொற்களுக்கும் உறவில்லை. பாரசீகச் சொல்லின் பழைய வடிவம் வகரத்தில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வடபகுதியில் பேசப்பட்ட ம்பபரம் என்னும் பழங்குடி மொழியில் நாய்க்கு ‘டாக்’ என்றே பெயர். அண்டை மொழியான யிடினியில் அது ‘குடக’. முன்னெழுத்துத் தேய்ந்ததால் ஆங்கிலத்தைப் போல ஆகிவிட்டது. ஜப்பானியர் ‘அரிகதோ’ என்று நன்றி சொல்வது போர்த்துக்கீசிய ‘ஒப்ரிகாதோ’விலிருந்து வந்தது என்றும் பலர் நம்புகிறார்கள், போர்த்துக்கீசியர் ஜப்பானில் கால் வைத்தது 1543ஆம் ஆண்டில், அச்சொல்லோ அதற்கும் மூத்தது.

கொரிய மொழியில் ‘அப்பா’, ‘அம்மா’ இருக்கின்றனவே?

கொரியரின் ‘அப்பா’ தந்தைதான், ‘ஓம்மா’ தாய். கைப்பேசியில் சுற்றிவரும் பட்டியல்கள் இதை வைத்துத்தான் தொடங்குகின்றன, ஆனால் இதைவிட வலுவற்ற தொடக்கம் இல்லை. உதட்டை மூடித் திறந்தால் பிறக்கும் ஒலிகளே குழந்தை முதலில் எழுப்புபவை. அவற்றைப் பெற்றோர் தமக்கான பெயர்களாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் விளக்கியிருக்கிறார். ஆகவே இவை உலகெங்கும் தனித்தனியே பிறக்கின்றன. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை, ‘தெதா’ என்றால் தாய். நமக்கு மாமா தாயின் உடன்பிறந்தவர். சீன ‘நீ’யும் தமிழ் ‘நீ’யும் முன்னிலைதான் என்று சொல்வார்கள், ஓரசைச் சொற்களில் இத்தகைய ஒற்றுமைகள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். தமிழின் பழமைக்குக் கல்வெட்டும் இலக்கியமும் இருக்கும்போது, இந்தப் பட்டியல்களை முட்டுக்கொடுக்க வைப்பது மொழிக்குப் பெருமை சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நோயாளிகளோடும் விடுதி விருந்தினரோடும் பழகுவோர் என்ன செய்யலாம்?

உறுப்பின் பெயரைக் கேட்டு நின்றுவிடாமல், தொட்டுக்காட்டச் சொல்ல வேண்டும். வர வேண்டிய நாளை வாயால் சொல்லாமல், தேதியாக எண்ணில் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘கல்’ என்னும் சொல் எந்த நிலையிலும் தேதிக்கு ஈடாகாது. புரிந்ததுபோல் தோன்றும் சொல்லையே அதிகம் ஐயுற வேண்டும்: முற்றிலும் புரியாத சொல் வந்தால் எவரும் திரும்பக் கேட்பார்கள், புரிந்ததாக நினைத்த சொல்லை யாரும் கேட்பதில்லை.

ஓர் ஒற்றுமையைக் கண்டால் எங்கே சரிபார்ப்பது?

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வாங்கிய சொல் எது, எம்மொழியிலிருந்து என்று பல இடங்களில் குறிக்கிறது. தெலுங்கு, கன்னட உறவுகளுக்கு பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியைப் பார்க்கலாம். அதன் 1984ஆம் ஆண்டுத் திருந்திய பதிப்பை இணையத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்க முடிகிறது. அதில் ‘நாக்கு’ என்று தேடினால் நா, நாலுக, நாலிகெ மூன்றும் ஒரே பதிவின்கீழ் வரும், ‘நாக்’ வராது.